கேலரி: சொல் விளக்கம்

மும்பை மாட்டுங்காவில் ஒருவர் 'கேலரிக்குப் போகிறேன்' என்றால், வான்கடே கிரிக்கெட் மைதானத்துக்கா ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்கா என்று கேட்க வேண்டியிருக்கும். மைதானத்தில் படிவரிசை இருக்கைகளும் கேலரிதான். இங்கே பேச்சு ஓவியம், சிற்பம் வைக்கிற கேலரியைப் பற்றி.

இடைக்கால லத்தீனில் 'கலேரியா' என்பது கூரை போட்ட நடை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஐரோப்பிய அரண்மனைகளின் நீண்ட நடைகளில் படங்களை மாட்டி வைத்தார்கள். அப்புறம் சொல் நடையை விட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டது.

நம்மிடம் இதைவிட அழகான சொல் உண்டு. திருப்பரங்குன்றத்தில் இருந்த 'எழுத்துநிலை மண்டபம்' பற்றிப் பரிபாடலின் 19ஆம் பாடல் சொல்கிறது. எழுத்து என்றால் இங்கே ஓவியம். இவன் காமன், இவள் ரதி. பூனையாய் நிற்பவன் இந்திரன், இவள் அகலிகை என்றெல்லாம், வந்தவர்கள் கேட்கக் கேட்க, மற்றவர்கள் விளக்குகிறார்கள்.

ஆனால் இன்றைய கேலரி வெறும் மண்டபம் அல்ல. எதைக் காட்டலாம் என்று முடிவெடுத்துக் கைக்காசைப் போடும் ஆளும் சேர்ந்தது. பம்பாயில் ஓவியர் பால் சாப்டா 1959இல் பூலாபாய் தேசாய் நினைவு நிலையத்தில் 'கேலரி 59' தொடங்கினார். நவீன ஓவியத்துக்கு வாங்குவோர் அரிதாக இருந்த காலம். கேலரி நெடுநாள் ஓடவில்லை. ஆனாலும் ஹுசேன், கைதோண்டே, தயேப் மேத்தா போன்ற நவீன ஓவியர்கள் காலத்து பம்பாயைப் பேசும்போது அதை விட்டுவிட முடியாது.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'ஓவியக்கூடம்' போதாது. 1992இல் ஓவியர் நளினி மலானி, ஜஹாங்கீர் கட்டடத்தின் மாடியில் இருந்த கெமோல்ட் கேலரியின் சுவரிலேயே நேரடியாக வரைந்தார். காட்சி முடிந்ததும் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வாங்கிப்போய் வீட்டில் மாட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. யோசனையே படைப்பாகும் கலையில் சில சமயம் ஒரு தாளும் நாலு வரியும்தான் இருக்கும். அதற்கு ஓவியக்கூடம் என்று பலகை மாட்டினால் சிரிப்பார்கள். 'காட்சிக்கூடம்' என்றாலோ கார் விற்கும் ஷோரூம் நினைவு வருகிறது. என் கட்சி 'கலைக்கூடம்'. தஞ்சை அரண்மனையில் இருப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்.

கூடவே ஒன்று: மேலே சொன்ன, யோசனையே படைப்பாகும் கலையை, அதாவது கான்செப்சுவல் ஆர்ட்டைக் 'கருத்தியல் கலை' என்று எழுதுகிறார்கள். கருத்தியல் என்றால் நமக்குக் கட்சிக் கொள்கை. 'கருத்துருக் கலை' என்பதே பொருந்தும்.