பீலித் தண்ணீர் வளர்க்கும் கடற்பாசி

நுவரெலியாவில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் ஹீட்டர் இழுக்கும் மின்சாரக் கணக்கைத்தான் சொல்வார். கொழும்புக்காரர் தொட்டியைக் குளிர வைக்கப் படாதபாடு படுகிறார். 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பவர் அதை 25 பாகைக்கு ஏற்றிவைக்க மல்லுக்கட்டுகிறார். அந்தச் சூட்டுக்கும் கல்லில் படரும் பாசிக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது.

நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் அறைக்காற்றில் ஏற்கெனவே உள்ள ஆவிக்கும் இடைவெளி கூடக்கூட நீர் வேகமாக ஆவியாகும். 16 பாகைக் காற்று பனிமூட்டத்தில் முழுக்க ஈரமாக இருந்தாலும், அதிலுள்ள ஆவி 25 பாகை நீரின் ஆவியழுத்தத்தில் 60 சதவீதத்தைத் தொடாது. கொழும்பிலோ தொட்டியும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு, ஈரப்பதமும் அதிகம்; இடைவெளி சிறிது. ஆக, மூடி போடாத தொட்டி கொழும்பைவிட இந்தக் குளிரிலும் பனியிலும்தான் சுறுக்காக வற்றும். நம்பாதவர்கள் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துப் பார்க்கலாம்.

வற்றுவது வெறும் நீர் மட்டும்தான். அந்த இடத்தை நிரப்ப ஊற்றும் தண்ணீரில் கரைந்திருப்பதெல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. 100 லீற்றர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர் பீலித் தண்ணீர் (மலையூற்றிலிருந்து குழாய் வழி வருவது) ஊற்றுவதாகவும், அதில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் சிலிக்கா இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் தொட்டியின் ஒவ்வொரு லீற்றரிலும் 6 மில்லிகிராம் ஏறும். ஆற்றுமுகங்களுக்கு அப்பால், வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் அது 1 மில்லிகிராமை எட்டுவதே அரிது.

மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது, சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். நீரில் கரைந்திருப்பதைக் கணக்கிடும் டிடிஎஸ் மீற்றரை வைத்தால் சின்ன எண்தான் காட்டும். அதை நம்பி ஏமாறுவதுதான் இங்கே வழக்கம். அந்த மீற்றர் அளப்பது மின்கடத்துதிறனை. நம் மலைகளின் நைஸ், சார்னோக்கைட் பாறைகள் உக்கிக் கரையும் சிலிக்கா, பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத சிலிசிக் அமிலமாகவே நீரில் இருக்கிறது. மீற்றருக்கு அது தெரியாது. டயற்றங்களுக்குத் தெரியும். சிலிக்காவால் ஓடு கட்டும் இந்த நுண்ணுயிர்கள்தான் மணலிலும் கண்ணாடியிலும் தவிட்டு நிறத் தூளாகப் படிகின்றன. பீலிக்கு மேலே தேயிலை மலை இருந்தால், மழைநாளில் யூரியாவிலிருந்து உண்டான நைட்ரேட்டும் சேர்ந்து வரும். காய்ச்சினால் இவை போகாது, இன்னும் செறியும். ஆர்.ஓ. வடிகட்டியோடு அயன் (மின்னேற்றத் துகள்) நீக்கும் பிசினும் சேர்ந்தால்தான் முழுதாகப் போகும். மழைநீர் நல்ல மாற்று, ஆனால் தகரக் கூரையில் பிடித்தது வேண்டாம்: அதிலிருந்து வரும் துத்தநாகம் நத்தைகளைக் கொன்றுவிடும்.

பச்சை முடிப்பாசியின் கதை வேறு. அதற்குச் சோறு போடுவது பெரும்பாலும் நாமேதான். உலர்ந்த மீன்தீனியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பொஸ்பரஸ். அது முழுவதும் கரைந்தால் 1 கிராம் தீனி 30 மில்லிகிராம் பொஸ்பேட். 100 லீற்றரில் லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். மீனின் உடம்பில் தங்குவதைக் கழித்தாலும், பவளப்பாறைக் கடலில் இருப்பதைப்போல் பல மடங்கு. இதில் ஒரு பகுதியைச் சுண்ணாம்புக் கற்கள் பிடித்து வைத்து, பிறகு மெல்ல மெல்ல விடும். அதனால்தான் தண்ணீர் மாற்றிய மறுவாரமே பாசி பழையபடி நிற்கிறது. சோதனைக் குப்பி பூச்சியம் காட்டினாலும் மகிழத் தேவையில்லை. கரைந்ததைப் பாசி முந்திக்கொண்டு குடித்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடுவது பலர் செய்யும் வைத்தியம். பாசி சாகும், ஆனால் அழுகித் தான் தின்றதைத் திரும்ப நீருக்கே கொடுத்துவிடும். அதைவிட, கல்லை வெளியே எடுத்து, கடல்நீர் நிரப்பிய வாளியில் பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பது மேல். வேரோடு வரும்படி பிடுங்க வேண்டும். நுனியை மட்டும் கிள்ளினால் கொழுந்து கிள்ளிய தேயிலைபோலத் துளிர்க்கும். மிச்சத்தைப் பாசி மேயும் டர்போ நத்தைகள் பார்த்துக்கொள்ளும்.

நிரந்தரமாகச் செய்யக்கூடியது, பாசியை நாமே வேறிடத்தில் வளர்த்து அறுப்பது. தொட்டி நீர் ஓடித் திரும்பும் பக்கத்துப் பெட்டியில் கீட்டோமோர்பா என்ற பாசிக்கு வெளிச்சம் கொடுத்து, வாரம் ஒரு கைப்பிடி எடுத்து எறிந்தால் அதனோடு நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் வெளியேறும். அந்த விளக்கை இரவில் எரிய விடுங்கள். குளிருக்காக ஜன்னலெல்லாம் சாத்திய வீட்டில் நம் மூச்சுக்காற்றின் காபனீரொட்சைட் கூடி, இரவில் தொட்டியின் பிஎச் இறங்கும். கீட்டோ அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

சிவப்புச் சவ்வாக உரிந்து வருவது பாசியே இல்லை, சயனோபக்றீரியா. நீரோட்டம் தேங்கும் மூலைகளில் பம்பைத் திருப்பி வைத்து, சவ்வைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

அளவுக்கு மீறிச் சுத்தம் செய்தவர்களுக்கு வருவது டைனோபிளஜலேற்று என்ற நுண்ணுயிர். நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் உண்மையிலேயே பூச்சியமான தொட்டியில், குமிழி கோத்த பழுப்புச் சளி நூல்களாகத் தொங்கும், இரவில் குறையும். சந்தேகமென்றால் கொஞ்சம் எடுத்துக் குப்பியில் குலுக்கி, கோப்பி வடிதாளில் வடித்து, வெளிச்சத்தில் வையுங்கள். வடிந்த நீரில் ஒரு மணி நேரத்தில் மறுபடி நூலாகத் திரண்டால் அதுதான். அப்போது பொஸ்பேட் நீக்கியை வெளியே எடுத்துவிட்டு, மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.