பச்சரிசி மெல்லும் அம்மா, சுவர் சுரண்டும் பிள்ளை

"ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது டாக்டர். ஒரு இட்லி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகுது. அவன் பின்னாடியே ஓடி ஓடி என் உசுரே போகுது."

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பதினெட்டு வருடமாகக் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். காய்ச்சல், சளிக்கு அடுத்தபடியாக அம்மாக்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். "ஏதாவது பசி மருந்து எழுதிக் குடுங்க" என்று கேட்பார்கள். பாதிப் பேருக்குக் கண் கலங்கியிருக்கும். அந்தக் கண்ணீரை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளை சாப்பிடவில்லையென்றால் வீட்டில் மொத்தப் பழியும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். ஒரு வயது பத்து மாதம். எடை 10 கிலோ 400 கிராம். கூட அம்மாவும் அவருடைய மாமியாரும். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் நாற்காலியிலிருந்து இறங்கி, மூலையில் ஈரம் ஏறிப் பொரிந்திருந்த சுவர்ப் பக்கம் போய்விட்டான். நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டி, விரலை வாயில் வைத்துச் சப்பினான். அம்மா ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டார். "வீட்லயும் இதே வேலைதான் டாக்டர். மண்ணு, சுவரு, அக்காவோட பல்பம், எதையும் விடுறதில்ல. பூச்சி மருந்து குடுத்தாச்சு, கேட்கல."

பையனின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் உரித்த வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது.

"பால் எவ்வளவு குடிக்கிறான்?" என்று கேட்டேன்.

காலையில் எழுந்ததும் ஒரு பாட்டில். பத்து மணிக்கு ஒன்று. தூங்கி எழுந்து நாலு மணிக்கு ஒன்று. ராத்திரி படுக்கும்போது ஒன்று, நடுச்சாமத்தில் அழுதால் இன்னொன்று. பாட்டில் ஒவ்வொன்றும் 200 மில்லி. ஆக ஒரு லிட்டர். வீட்டில் கறவை மாடு வேறு இருக்கிறது. "சோறுதான் சாப்பிட மாட்டேங்கிறான், பாலாவது குடிக்கட்டுமேன்னுதான்" என்றார் அம்மா.

இதே வாசகத்தை எத்தனையோ அம்மாக்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். சோறு சாப்பிடாததால் பால் கொடுக்கிறோம் என்று நினைக்கிறார்கள். பால் குடித்து வயிறு நிறைந்ததால்தான் அவன் சோறு சாப்பிடவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி போதும். ஒரு லிட்டர் பசும்பாலிலேயே 600 கலோரிக்கு மேல் வந்துவிடும். மீதி வயிற்றில் எவ்வளவு இட்லிக்குத்தான் இடம் இருக்கும்?

பசி போவதோடு இது நிற்பதில்லை. பாலில் சுண்ணாம்புச் சத்து உண்டு, புரதம் உண்டு, இரும்புச் சத்து மட்டும் இல்லை என்றே சொல்லலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 7, 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, பாலில் இருக்கும் கால்சியமும் புரதமும் மற்ற சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் ஒட்டவிடாமல் செய்கின்றன. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். பசி மந்தமானால் அம்மா இன்னொரு பாட்டில் பால் ஆற்றுவார். செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மண், சுண்ணாம்பு, பல்பம், சாம்பல், விபூதி என்று உணவல்லாததைத் தேடித் தின்னும் பழக்கத்துக்கு இரும்புச் சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் "வயித்துல பூச்சி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். அங்கன்வாடியில் வருடத்துக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் பூச்சி மருந்து கொடுத்தும் மண் தின்பது நிற்கவில்லையென்றால், அடுத்து ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

சோதித்தோம். பையனுக்கு ஹீமோகுளோபின் 7.8. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது நம் அரசுத் திட்டத்தின் கணக்கு.

அன்று நடந்த இன்னொன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தடுப்பூசி அட்டையை எடுக்க அம்மா கைப்பையைத் திறந்தார். அட்டையோடு ஒரு சின்ன எவர்சில்வர் சம்படமும் வந்து மேசையில் விழுந்து, மூடி திறந்துகொண்டது. உள்ளே பச்சரிசி. அவர் பதறி அள்ளப் போக, மாமியார் முந்திக்கொண்டார். "பாருங்க டாக்டரம்மா, புள்ளைய சொல்றோம், இவளும் இப்படித்தான். எந்நேரமும் அரிசியக் கொறிச்சுக்கிட்டே கெடக்கா. நாழி அரிசி ரெண்டு நாள்ல காலியாவுது."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சிறு வயதில் நம் எல்லோரையும் மிரட்டியிருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஒரு பெண் அரிசி டப்பாவை விட்டு விலக முடியாமல் இருக்கிறார் என்றால், அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. மகன் சுவரைச் சுரண்டியது எதனாலோ அதனால்தான் அம்மா அரிசியை மென்றார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"

"வாங்குது."

"தலைமுடி கொட்டுதா?"

"கொத்துக் கொத்தா வருது மேடம். ராத்திரியெல்லாம் கால் குடைச்சல் வேற. புள்ள பெத்த உடம்பு, இப்படித்தான் இருக்கும்னாங்க."

நான் குழந்தைகளுக்கான மருத்துவர். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவது என் வேலையில் சேர்த்தியா என்று சக மருத்துவர்கள் கேட்டதுண்டு. வேறு யார் எழுதப் போகிறார்கள்? பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பெண் ஒரு மருத்துவரின் எதிரில் உட்காருவது பிள்ளைக்காகத்தான். தனக்காக ஒரு நாளும் வருவதில்லை. எழுதினேன். 8.4 வந்தது. 12க்கு மேல் இருக்க வேண்டும்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. அருகருகே இருக்கும் இந்த இரண்டு எண்களையும் நாம் தனித்தனியாகப் படித்துவிட்டுப் போகிறோம். அவை பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருப்பவை.

அந்த அடுப்படியை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, மூத்தவளுக்கு டப்பா கட்டி, கணவருக்குச் சாப்பாடு கட்டி, மாமனாருக்குக் காபி ஆற்றி, சின்னவன் பின்னால் கிண்ணத்தோடு ஓடி முடிக்கையில் மணி பதினொன்று. அப்போது அவர் சாப்பிடுவது என்ன என்று கேட்டேன். "அவன் மிச்சம் வச்ச இட்லி இருக்கும். அதையும் ஒரு டீயையும் சாப்பிட்டா மதியம் வரைக்கும் தாங்கும்." அந்த டீயும் ஒரு கெடுதல் செய்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் காபியும் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கின்றன. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்.

முட்டை வாங்கினால் பிள்ளைகளுக்கு, கணவருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஈரல் எடுத்தால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குழம்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார். பிரசவமான புதிதில் பத்தியம் என்ற பெயரில் கீரை கூடாது, பழம் கூடாது, காய் கூடாது என்று நாற்பது நாள் பூண்டுக் குழம்பும் சோறுமாகவே ஓடியிருக்கும். பெரியவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரசவத்தில் ரத்தம் இழந்த உடம்புக்கு மிகவும் வேண்டியதை அதே நாட்களில் நிறுத்திவிடுகிறோம். கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் குழந்தை பிறந்த பிறகும் 180 நாள் தொடர வேண்டும். அரசுத் திட்டமே அப்படித்தான் சொல்கிறது. பிள்ளை கைக்கு வந்ததும் மாத்திரை அட்டை அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. இந்தப் பெண்ணும் இரண்டாவது பிரசவம் முடிந்து ஊருக்கு வந்த அன்றோடு நிறுத்தியிருந்தார்.

அம்மா களைத்துப்போய் இருந்தால் பிள்ளைக்கு ஊட்டுவதும் போராட்டமாகிவிடும். உடம்பில் ரத்தமில்லாதவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? கத்துவார், அடிப்பார், பிறகு அழுவார். கடைசியில் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு, பையன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கவளத்தைத் திணிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்குப் பசித்ததும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சாப்பாட்டு வேளையையாவது விட்டுவைப்போம்.

இன்னொன்றையும் அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் 6 கிலோ ஆகிறது, ஒரு வயதில் 9 ஆகிறது. அதற்கடுத்த வருடம் முழுவதும் சேர்த்து ஏறுவது 2, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைகிறது, அதோடு பசியும் குறைகிறது. இது இயற்கை. "போன வருஷம் கிண்ணத்தைக் காலி பண்ணான், இப்ப தொட மாட்டேங்கிறான்" என்று சொல்லும் அம்மாக்களில் பலரின் பிள்ளைக்கு எந்த நோயும் இல்லை. எடை அட்டையில் கோடு ஏறிக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பசி மருந்து என்று கேட்டு வாங்கும் சிரப்பில் பெரும்பாலும் இருப்பது அலர்ஜிக்குக் கொடுக்கும் ஒரு வகை மருந்து, தூக்கம் வரும். நிறுத்தினால் பசியும் பழையபடி போய்விடும். நான் எழுதுவதில்லை.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது இதுதான். பாலை ஒரு லிட்டரிலிருந்து 400 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். பாட்டில் வேண்டாம், டம்ளரில் கொடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள். முதலில் ராத்திரிப் பாட்டிலை நிறுத்துங்கள். பாட்டிலோடு தூங்கும் பிள்ளைக்குப் பல்லும் சொத்தையாகும். மூன்று நாள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு சிற்றுணவும் கொடுத்தால் போதும், அதற்கிடையில் பிஸ்கட் வேண்டாம். எதை, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவன் வயிற்றிடம் விட்டுவிடுங்கள். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். இரும்பு டானிக்கை எடைக்குத் தகுந்த அளவில் எழுதித் தந்தேன். பாலோடு கலந்து கொடுக்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் நாலாம் நாளே பயந்து நிறுத்திவிடுவார்கள்.

மாமியார், "பீட்ரூட்டு நெறையக் குடுக்குறோமே, அது ரத்தம்தானே?" என்றார். நிறம் ஒன்றாக இருப்பதால் வந்த நம்பிக்கை அது. பீட்ரூட்டில் இரும்பு சொற்பம்தான். ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), முட்டை, மீன், பயறு வகைகள், கம்பு, முருங்கைக்கீரை என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே வேண்டியது இருக்கிறது. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு சுலபமாகச் சேராது. கூடக் கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் நன்றாகச் சேரும். ஆனால் 7.8க்கு இறங்கிய ரத்தத்தைச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது, மருந்து வேண்டும். ரத்த அளவு ஏறிய பிறகும் இரண்டு, மூன்று மாதம் தொடர வேண்டும். மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லையென்றால் வேறு காரணம் இருக்கும், தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோய் போன்றவற்றுக்குச் சோதிக்க வேண்டும். எடை ஏறாமல் நிற்பது, குறைவது, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், விழுங்கச் சிரமப்படுவது, மூச்சு வாங்குவது ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

கடைசியாக மாமியார் பக்கம் திரும்பினேன். "அம்மா, உங்க பேரனுக்கு முட்டை அவிக்கும்போது மருமகளுக்கும் ஒண்ணு சேர்த்துப் போடுங்க. அவன் சாப்பிடுறப்பவே அவளையும் தட்டோட பக்கத்துல உட்கார வைங்க." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் அப்ப யாரும் இப்படிச் சொல்லல டாக்டரம்மா" என்றார். நானும் பதில் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். பையனுக்கு 10.9. பொரிந்த சுவர்ப் பக்கம் அவன் போகவேயில்லை. அம்மா சாப்பிடும்போது அவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறானாம். சம்படம் இப்போது கைப்பையில் இல்லை என்று அவராகவே சொன்னார். "உங்க ரத்தம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். பையனுக்கு எடுத்த அன்றே அவருக்கும் சேர்த்து எடுக்க எழுதியிருந்தேன். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டதாம், அவன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "எனக்கென்ன மேடம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். சீட்டை மறுபடி எழுதி, இந்த முறை மாமியார் கையில் கொடுத்திருக்கிறேன்.