தினமும் அதை யார் மடக்குவது?

வீட்டு உள்ளமைப்பு வேலைக்காக என்னிடம் வருகிறவர்கள் இப்போதெல்லாம் உட்கார்ந்ததும் கைபேசியைத்தான் நீட்டுகிறார்கள். சுவருக்குள் மறையும் கட்டில், படிக்குப் படி இழுப்பறை வைத்த மாடிப்படி, கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அடுப்பு, சாப்பாட்டு மேசையாக விரியும் புத்தக அலமாரி என்று படங்கள் வந்துகொண்டே இருக்கும். பார்க்க எல்லாமே அழகு. ஆனால் அவற்றில் பல இன்னும் யாரும் செய்து பார்க்காதவை, கணினியில் வரைந்தவை.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. படத்தில் பிளக் பாயிண்ட் எங்கே என்று தேடுங்கள். கீல் தெரிகிறதா, கேஸ் சிலிண்டருக்கு இடம் இருக்கிறதா, ஈரத் துண்டை எங்கே காயப்போடுவார்கள் என்று பாருங்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அந்த அறையில் யாரும் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுமையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்று மாடுலர் கிச்சன் என்று நாம் வாங்குவதற்கு முன்னோடி, 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை. ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம் ஊர்ச் சின்ன ஃபிளாட்டின் சமையலறை அளவுதான். ரயில் உணவுப் பெட்டியின் குறுகிய சமையலறையில் எப்படி வேலை நடக்கிறது, சமைப்பவர் எத்தனை அடி வீணாக நடக்கிறார் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் வரையவே தொடங்கினார். அழகு பிறகு வந்தது. கைபேசிப் படங்களில் பெரும்பாலும் வரிசை தலைகீழாக இருக்கிறது.

அதிகம் கேட்கப்படுவது சுவர்க்கட்டில். சென்னை வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றில், ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாவுக்காகக் கூடத்தில் அப்படி ஒன்று போட வேண்டும் என்றார் மகன். வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “இதைத் தினமும் யார் மடக்குவது, தம்பி?”

மடக்குவதற்கு முன் தலையணை, போர்வை, கொசுவலை எல்லாவற்றையும் எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும். அந்த ‘வேறெங்காவது’ படத்தில் இருக்காது. கட்டில் இறங்கும் இடத்தில் டீப்பாயோ பிளாஸ்டிக் நாற்காலியோ நிற்கும். அதையும் இரவில் நகர்த்த வேண்டும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் இந்தக் கட்டில்களுக்கு இரண்டே கதிதான்: ஒன்று நிரந்தரமாக விரிந்து கிடக்கும், அல்லது நிரந்தரமாக மூடிக் கிடக்கும். வேளச்சேரி வீட்டில் கடைசியில் செய்தது முழங்கால் உயரத்தில் ஒரு திவான், அதன் அடியில் சக்கரம் வைத்த இன்னொரு கட்டில். பாட்டி மேலே, பேரன் கீழே.

சுவர்க்கட்டில்தான் வேண்டும் என்பவர்கள் மெத்தையை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டிலைத் தாங்கி மெதுவாக இறக்குவது இரு பக்கமும் உள்ள கேஸ் ஸ்பிரிங், அதாவது அழுத்தமான வாயு அடைத்த உருளை. மெத்தையின் எடைக்கு ஏற்றபடிதான் அதன் விசையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஃபோம் மெத்தைக்குக் கணக்கிட்ட கட்டிலில், முதுகுக்கு நல்லது என்று பிறகு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டால் பாரம் ஏறிவிடும். கட்டில் கையில் நிற்காமல் சட்டென்று இறங்கும். கீழே குழந்தை உட்கார்ந்திருக்கலாம். மெத்தை இலேசாகிவிட்டாலோ, கட்டில் கீழே படியாமல் எழும்பப் பார்க்கும்.

அடுத்தது சுவர். புது அடுக்குமாடிகள் பலவற்றில் தடுப்புச் சுவர் ஏஏசி பிளாக் எனப்படும், உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்லால் கட்டியது. சாதாரணப் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் அதில் பாரத்தைத் தாங்காது, பொடியாகிப் பிடுங்கிக்கொண்டு வரும். மறுபுறம் வரை துளைத்துப் போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் துளையில் பசை நிரப்பி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும். மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சுக்குள் வார்த்த கான்கிரீட் சுவராக இருந்தால் பிடிமானத்துக்குக் கவலை இல்லை. ஆனால் கட்டடத்தையே தாங்குவது அந்தச் சுவர்தான். அலமாரியைப் பதிப்பதற்காக அதைக் கொத்தவே கூடாது. எது எந்தச் சுவர் என்று பில்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறைவு அடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. கல்லுக்கு அடியில் இருப்பது இண்டக்‌ஷன். காந்தம் ஒட்டும் அடி உள்ள பாத்திரம்தான் அதில் சுடும். வத்தக்குழம்பு வைக்கும் மாக்கல் சட்டியையும் மீன்குழம்பு மண்சட்டியையும் அதன்மேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் பச்சைத் தண்ணீர்தான். அப்பளம் சுட வேறு அடுப்பு வேண்டும். அப்புறம் எதை மறைத்தோம்?

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உப்புக் காற்றில் முதலில் போவது கீலும், இழுப்பறை ஓடும் சேனலும். ஒரு மடக்கு மேசையில் எட்டு கீல் இருந்தால், துருப்பிடிக்க எட்டு இடம். பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால் அது ஈரத்தைத் தாங்கும் மரைன் ரகம். ஐஎஸ் 303 என்றால் பொதுப் பயன்பாட்டு ரகம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் போடுவதற்கு 710-தான் சரி. கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் பலகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். தரைத்தளக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் காயவைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

என்னிடம் யாருமே படம் அனுப்பாத ஒரு வடிவமைப்பு உண்டு. ஜப்பானில் பல வீடுகளில் கழிப்பறைத் தொட்டியின் மூடியே ஒரு சிறிய கைகழுவும் கிண்ணமாக இருக்கும். ஃபிளஷ் செய்ததும் மேலிருக்கும் குழாயில் தண்ணீர் வரும். கை கழுவிய அதே தண்ணீர் அடுத்த ஃபிளஷுக்காகத் தொட்டியை நிரப்பும். மடக்கவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்துடன் வரிசையில் நின்ற நகரம் இது. போர்வெல் உப்புத் தண்ணீரில் வால்வில் படிவு சேரும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பது மெய்தான். இருந்தும் சுவர்க்கட்டிலுக்கு முன்னால் இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கேட்பவர்கள் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு படம் உண்மையிலேயே பிடித்துவிட்டால், தச்சரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதன் முழு அளவைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மூடிய நிலைக்கு ஒரு கோடு, விரிந்த நிலைக்கு இன்னொரு கோடு. ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் எதையும் வைக்காமல் இருந்து பாருங்கள். கோட்டுக்குள் துணிக்கூடை வந்து உட்கார்ந்துவிட்டால் அங்கே மடக்குச் சாமான் வேண்டாம். இடம் காலியாகவே இருந்தால் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். பில்லில் கேஸ் ஸ்பிரிங் எத்தனை கிலோ மெத்தைக்கானது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.