“கிட்னிக்காரருக்கு ட்ரோபோனின் கூடத்தான் இருக்கும்”

சென்ற வாரமும் இதே வாக்கியத்தைக் கேட்டேன். ட்ரோபோனின் என்பது இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதம்; மாரடைப்பைக் கண்டறிய அதை அளக்கிறோம். சொன்னவர், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 61 வயது அம்மையாரின் மகன். தாயார் இரண்டு இரவுகளாகப் படுக்க முடியாமல், மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தே இருந்திருக்கிறார். நெஞ்சுவலி இல்லை. வெளியில் எடுத்த ஒரே பரிசோதனையில் ட்ரோபோனின் டி (டி, ஐ என அளக்கப்படும் இரு வகைகளில் ஒன்று) லிட்டருக்கு 71 நானோகிராம் என்று வந்திருக்கிறது. “கிட்னிக்காரருக்குக் கூடத்தான் இருக்கும்” என்று யாரோ தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது அது 190. மூன்று மணி நேரத்தில் 340. மாரடைப்பு. உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் அந்த இரண்டு நாளில் இழந்த இதயத் தசை திரும்பாது.

அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. மிகச் சிறு அளவையும் கண்டறியும் உயர்நுண்ணுணர்வு முறையில் ட்ரோபோனின் டி-யின் மேல் எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம்; டயாலிசிஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாத நாளிலேயே அதைத் தாண்டித்தான் இருப்பார்கள். ஆனால் ட்ரோபோனின், கிரியாட்டினினைப் போலச் சிறுநீரகம் வெளியேற்றத் தவறிய கழிவு அன்று. இதயத் தசைச் செல்லுக்குள் இருக்க வேண்டிய புரதம். வெளியேற்றம் மந்தமாவதற்கும் இந்த உயர்வில் ஒரு பங்கு உண்டு என்றாலும், ஆண்டுக்கணக்கான ரத்த அழுத்தத்தால் தடித்துப்போன இதயச் சுவரும், ரத்தசோகையும், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே உடலில் தேங்கும் நீரும் அந்தத் தசையைச் சிறுகச் சிறுகச் சிதைத்துக்கொண்டிருப்பதையும் அந்த எண் காட்டுகிறது. ஆகவே அசையாமல் நிலையாக உயர்ந்து நிற்கும் ட்ரோபோனின்கூடப் பின்னாளைய இதய ஆபத்தின் அறிகுறிதான். “கிட்னியால்தான்” என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவது விளக்கம் ஆகாது, சோம்பல்.

மாரடைப்பா இல்லையா என்பதை ஒற்றை எண் சொல்லாது. சில மணி நேரத்தில் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே சொல்லும். அந்த அம்மையாருக்கு அன்றே இரண்டாம் முறை ரத்தம் எடுத்திருந்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான பீதியையும் பார்க்கிறேன். ஒருவர் நள்ளிரவில் தந்தையை அழைத்துக்கொண்டு ஓடிவந்தார். பழைய அறிக்கையில் 0.055, புதியதில் 58, ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதாம். முன்னது மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு, பின்னது லிட்டருக்கு. அளவு ஏறக்குறைய அதேதான். ட்ரோபோனின் டி-யையும் ஐ-யையும் ஒப்பிடக் கூடாது, ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடும் முடிந்தவரை ஒப்பிடக் கூடாது.

இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனைக்கும் இதே கணக்குத்தான்: ஒற்றை எண்ணை அல்ல, மாற்றத்தைப் பாருங்கள். அது டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் டயாலிசிஸுக்கு முன்பே எடுங்கள். கொலஸ்ட்ரால் குறைந்திருக்கிறது என்று மகிழ்பவர்களுக்கு ஒரு சொல்: டயாலிசிஸ் நோயாளியிடம் அது சில நேரம் ஊட்டச்சத்துக் குறைவையோ உடலின் அழற்சியையோதான் காட்டும். அதை நம்பி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முடி வளர்வதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அதிக அளவுப் பயோட்டின் சில ட்ரோபோனின் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்திருக்கிறது.

சிறுநீரக நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரையும் இருக்கிறது; அது வலி உணர்வை மழுங்கடித்துவிடக்கூடும் என்பதால், மாரடைப்பு வலியோடுதான் வரும் என்று காத்திருக்காதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, காரணமற்ற வியர்வை, தாடை வலி, டயாலிசிஸின்போது புதிதாக அடிக்கடி ரத்த அழுத்தம் சரிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அதே மணி நேரத்தில் வாருங்கள்; நடக்க முடியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். டயாலிசிஸ் முறையைத் தவறவிட்டவர் மூச்சுத்திணறினால் “தண்ணீர் ஏறியிருக்கும்” என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

தயவுசெய்து பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் ட்ரோபோனின் பார்த்துவைப்பது உங்களுக்குத் தேவையா என்று உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். பார்த்திருந்தால் அந்த எண், அலகு, டி-யா ஐ-யா, தேதி, ஆய்வகத்தின் பெயர் ஆகியவற்றை டயாலிசிஸ் கோப்பின் முதல் பக்கத்தில், உலர் எடைக்கு (தேங்கிய நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை) கீழே எழுதி வையுங்கள். நள்ளிரவில் உங்களைப் பார்க்கப்போகும் பணி மருத்துவர் உங்களை முன்பின் அறியாதவராகத்தான் இருப்பார்.