ஹமார்ட்டியா: குறையா, பிழையா?

காப்பிய நாயகர்களின் வீழ்ச்சியைப் பற்றிய பேச்சில் தவறாமல் வந்து நிற்கும் கிரேக்கச் சொல் ஹமார்ட்டியா. ஆங்கில வகுப்புகளில் இதை 'டிராஜிக் ஃப்ளா' என்று படித்திருப்போம். அதை அப்படியே தமிழாக்கி 'குணக்குறை' என்றும் எழுதிவிடுகிறோம். எனக்கு இது ஒப்பவில்லை.

இதன் வினை வடிவம் 'ஹமார்ட்டனெய்ன்'. பழைய பொருள், குறி தப்புதல். டிராய் போரைப் பாடும் ஹோமரின் காப்பியமான இலியட்டின் எட்டாம் பாடலில் கிரேக்க வில்லாளி தியூக்கர் டிராய் இளவரசன் ஹெக்டரைக் குறிவைத்து விட்ட அம்பை அப்பல்லோ தெய்வம் விலக்கிவிடுகிறான். அம்பு தவறியதைச் சொல்ல ஹோமர் போடும் வினை இதுதான். பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், கவிதையியலின் 13ஆம் இயலில், நாயகன் தீயவன் என்பதால் வீழ்வதில்லை, ஏதோ ஒரு ஹமார்ட்டியாவால் வீழ்கிறான் என்கிறார். அவர் காட்டும் உதாரணங்களில் ஒருவன் ஈடிபஸ். தந்தையென்று தெரியாமல் தந்தையைக் கொன்றவன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதே சொல்லுக்குப் 'பாவம்' என்று பொருள். அரிஸ்டாட்டிலைப் படிக்கும்போது அதைத் தள்ளிவைப்பது நல்லது.

சரி, தமிழில்? பிழை. 'யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்கிறது குறள் 772. யானைக்கு எறிந்து குறி தப்பிய வேல்தான் பிழைத்த வேல். சிலப்பதிகாரப் பதிகமோ 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற் றாவதூஉம்' என்கிறது. வேல் தவறியதற்கும் அரசன் தவறியதற்கும் ஒரே வினை. கிரேக்கச் சொல் கடந்துவந்த தூரம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

பாண்டியன் நெடுஞ்செழியன் கெட்டவன் அல்ல. விசாரிக்காமல் ஓர் ஆணையிட்டான். உண்மை தெரிந்ததும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி அரியணையிலேயே உயிர்விட்டான். இலியட்டின் நாயகன் அக்கிலீஸும் அப்படித்தான். தன்னை அவமதித்த கிரேக்கப் படை தோற்கவேண்டும் என்று தாய் மூலம் தெய்வங்களின் அரசன் சியூஸிடம் வேண்டினான். வேண்டியது கிடைத்தது, ஆனால் அதற்குப் பலியானவன் உயிர் நண்பன் பெட்ரோகிளஸ். கோபம் அவன் குணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனை உடைத்தது அந்தக் கோபத்தில் செய்த ஒரு செயல்.

கிராஃபிக் நாவல்களுக்கு வந்தால் சொல் இடறுகிறது. ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87இல் உருவாக்கிய 'வாட்ச்மென்' கதையில் ஓசிமாண்டியாஸ் என்ற முன்னாள் சூப்பர்ஹீரோ அணுப்போரைத் தடுக்கவென்று நியூயார்க்கில் லட்சக்கணக்கானோரைக் கொல்கிறான். தெரிந்தே, திட்டமிட்டே. அவன் குறி எங்கும் தப்பவில்லை! இதைப் பிழை என்றால் அரிஸ்டாட்டில் சிரிப்பார். அதே கதையில் எதற்கும் வளையாமல் செத்துப்போகும் ரோர்ஷாக்கிடம் இருப்பதும் பிழை அல்ல, இயல்பு. இவர்களுக்குத்தான் 'குணக்குறை' பொருந்தும்.

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' வேறு மாதிரி. ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்பிழைத்த, ஆசிரியரின் தந்தை விளாடெக்கின் கஞ்சத்தனமும் முசுட்டுத்தனமும் குறைகள். இறந்த மனைவியின் நாட்குறிப்புகளைத் துக்கத்தில் எரித்துவிட்டாரே, அது பிழை. மகன் அவரைக் கொலைகாரர் என்று சொல்வது இந்தச் செயலுக்காக, கஞ்சத்தனத்துக்காக அல்ல.

வெறுமனே 'பிழை' என்றால் அச்சுப்பிழை நினைவுக்கு வருகிறது என்பவர்கள் 'அவலப்பிழை' என்று எழுதலாம். எனக்கு அந்த அடைமொழி தேவைப்படவில்லை.