பெரிய துவாரம், சிறிய துவாரம்: கோணல் எங்கே இருக்கிறது?

போன மாதம் ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு 24 வயது. நிச்சயம் முடிந்துவிட்டது, நான்கு மாதத்தில் கல்யாணம். "போட்டோ எடுத்தா வலது பக்க மூக்கு ஓட்டை மட்டும் பெருசா தெரியுது டாக்டர். அதைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டா போதும்" என்றார் அந்தப் பெண்.

தலையை நன்றாக அண்ணாந்து காட்டச் சொன்னேன். மூக்குத் துவாரங்களை நேராகப் பார்த்து முடிவு செய்ய முடியாது, கீழிருந்து பார்க்க வேண்டும். பார்த்தபோது இரண்டு துவாரங்களுக்கும் நடுச்சுவராக இருக்க வேண்டிய மூக்குத் தண்டின் முன்முனை இடது பக்கம் நழுவி, இடது துவாரத்துக்குள் துருத்திக்கொண்டிருந்தது. வலது துவாரத்தில் ஒரு குறையும் இல்லை. இடது துவாரம் பாதி அடைபட்டிருந்ததால் வலது பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். "ராத்திரி வாயைத் திறந்துதான் தூங்குவீங்களா?" என்று கேட்டேன். அம்மா முந்திக்கொண்டார்: "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் டாக்டர். காலையில எழுந்தா தொண்டை வறண்டு கிடக்குதுன்னு சொல்லுவா."

அவர் கேட்டபடியே வலது துவாரத்தை வெட்டிச் சிறிதாக்கியிருந்தால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல ஆகியிருக்கும். ஆனால் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரே பக்கத்தையும் நானே குறுக்கியிருப்பேன். அப்படிச் செய்துகொண்டு, பிறகு மூச்சுத் திணறலோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடப் பல மடங்கு கடினம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகத்தின் இரண்டு பாதியும் யாருக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை, துவாரங்களும் அப்படித்தான். செல்ஃபி அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுக்கும் படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுக்கும் படத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே முடிவெடுக்கும் முன் வேறு யாரையாவது ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அதிலும் கோணல் தெரிந்தால் வாருங்கள், பேசுவோம்.

மூச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் எல்லோருக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் லேசாக அடைத்து மறுபக்கம் திறக்கும். மாறி மாறி அடைப்பது இயல்பு. எப்போதும் ஒரே பக்கம் அடைத்தால், அதுவும் சிறிதாகத் தெரியும் துவாரத்தின் பக்கமே அடைத்தால், தண்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தண்டு என்று நாம் சொல்வது இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர். முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. சிலருக்குப் பிறவியிலேயே வளைந்திருக்கும். பலருக்குச் சிறுவயதில் பட்ட அடிதான் காரணம். "அடிபட்டதா?" என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவோ பாட்டியோ, "தொட்டிலிலிருந்து விழுந்தானே, மூக்குல ரத்தம் வந்துச்சே" என்று நினைவுபடுத்துவார்கள்.

இங்கே பெற்றோரிடம் அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். மூக்குக் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அடிபட்டு அந்தச் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே ரத்தம் கட்டிக்கொண்டால் ஊட்டம் நின்று, சில நாட்களிலேயே குருத்தெலும்பு கரைந்துவிடும். சீழ் பிடித்தால் இன்னும் வேகமாகக் கரையும். பிறகு மூக்கு நடுவில் குழிந்து, வளர வளரத் துவாரங்கள் கோணிப்போகும். விழுந்த குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் நடுச்சுவர் சிவந்தோ நீலம் பாரித்தோ உப்பியிருந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கட்டிய ரத்தத்தை வெளியேற்றுவது சின்ன வேலைதான். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று சொன்னதால் வீட்டுக்குத் திரும்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. இந்த ரத்தக்கட்டு எக்ஸ்ரேயில் தெரியாது.

துவாரக் கோணல் மிக ஆழமாக இருப்பது பிறவி உதட்டுப்பிளவில். பிளவு இருந்த பக்கத்தில் மூக்கு மடல், அதாவது துவாரத்தின் வெளிப்பக்கச் சுவர், தட்டையாகி, அதன் அடி வெளியேயும் பின்னாலும் தள்ளிப்போயிருக்கும். தண்டின் முன்முனை எதிர்ப்பக்கம் இழுபட்டிருக்கும். உதட்டை மூன்று மாதத்தில் நன்றாகத் தைத்திருந்தாலும் மூக்கில் இந்தச் சுவடு கொஞ்சம் மிஞ்சும். பள்ளியில் கேலிக்குப் பயந்து வாயைக் கையால் மூடியே பேசப் பழகிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதை அழகு அறுவை என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. இழந்ததை மீட்டுக் கொடுக்கும் சிகிச்சை அது. முழுமையான மூக்கு அறுவையை வளர்ச்சி நின்ற பிறகு, பெண்களுக்கு 16 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 17, 18 வயதிலும் செய்கிறோம். பிறந்த குழந்தை என்றால் இன்னொரு நல்ல வாய்ப்பு உண்டு. முதல் சில வாரங்களில் குருத்தெலும்பு மெழுகுபோல வளைந்து கொடுக்கும். அப்போது சின்ன அச்சுக்கருவி வைத்து மடலைத் தூக்கி நிறுத்தலாம். தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்கு அந்த இளக்கம் இருக்காது. இணையத்தில் விற்கும் மூக்கு கிளிப்புகளை எத்தனை மாதம் மாட்டிக்கொண்டாலும் ஒன்றும் மாறாது, தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

சரி, அறுவையில் என்ன செய்கிறோம்? முழு மயக்கம் கொடுத்து, இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தோல்தூணில் சிறிய கீறல் போட்டு மூக்கைத் திறக்கிறோம். நழுவிய தண்டை விடுவித்து, நடுக்கோட்டில் எலும்போடு சேர்த்துத் தைக்கிறோம். வளைந்த பகுதியை எடுத்தாலும் மேலேயும் முன்னேயும் குறைந்தது ஒரு செ.மீ. அகலத்துக்குச் சட்டம்போல விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு அமுங்கிவிடும். எடுத்த குருத்தெலும்பு வீணாகாது. சரிந்த மடலைத் தாங்க அதையே முட்டுக்கொடுக்கிறோம். போதாவிட்டால் காதின் பின்னாலிருந்தோ விலாவிலிருந்தோ எடுப்போம். இவ்வளவும் முடித்த பிறகுதான் துவாரங்களை அளந்து பார்ப்பேன். மிச்ச வித்தியாசம் இருந்தால் மட்டும் மடலின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தோல் எடுப்பேன். அங்கே ஒருமுறை வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பாதிப் பேருக்கு மேல் இந்தக் கடைசிக் கட்டம் தேவைப்படாமலே போயிருக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு வாரம் பிளாஸ்டர். கண்ணடியில் கருநீலம் இரண்டு வாரத்தில் மறையும். மூக்கின் நுனி வீக்கம் முழுசாக வடிய ஓராண்டு ஆகும், அதனால் மறு திருத்தம் எதுவானாலும் அதற்கு முன் தொடக் கூடாது. ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, நுனியில் மரமரப்பு, தண்டில் ஓட்டை விழுவது, துவாரம் சுருங்கிப்போவது, இவையெல்லாம் அரிதாக நடக்கலாம். புகைப்பவர்களுக்குத் தோல் ஆறுவது கடினம். துவாரங்களை நூலளவு பிசகாமல் சமமாக்கித் தருகிறேன் என்று யாராவது உறுதி சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கத்தி வேண்டாம், ஊசியிலேயே சரிசெய்யலாம் என்று ஃபில்லர் (தோலுக்கடியில் ஏற்றி நிரப்பும் மருந்து) போடுகிறவர்களைப் பற்றிக் கவலையோடு சொல்கிறேன். மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. ஃபில்லர் குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், பார்வையே போகலாம். அதை அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளவே கூடாது.

செலவு விஷயத்தில், வெறும் அழகுக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. விபத்துக்குப் பின் சீரமைப்பு, மூச்சுத் தடைக்கான தண்டுச் சிகிச்சை போன்றவை வேறு. பாலிசியைக் காட்டி முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். உதட்டுப்பிளவு உள்ள குழந்தைகளுக்கு அரசின் ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் இடம் உண்டு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே வழிகாட்டுவார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். நான்கு மாதத்தில் வீக்கம் முழுக்க வடிந்திருக்காது, கல்யாணப் படங்களில் அது தெரியும் என்று சொன்னேன். கல்யாணம் முடிந்து செய்துகொள்கிறோம் என்றார்கள். எழுந்து கதவுவரை போன அம்மா திரும்பி வந்து, "அப்போ மூக்குத்தியைக் கழட்டணுமா டாக்டர்? ஓட்டை தூர்ந்துடுமே, புகுந்த வீட்ல என்ன சொல்லுவாங்களோ" என்று கேட்டார். அறுவை அன்று கழற்றத்தான் வேண்டும், ஓட்டையில் மெல்லிய நைலான் நூல் ஒன்றைக் கோத்துவிடுகிறேன், வீக்கம் குறைந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றேன். அதன் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.