பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பாடு: அனோரெக்சியாவிலிருந்து உடல் மீளும் விதம்

பசித்தால் சாப்பிடு, வயிறு நிறைந்தால் நிறுத்து என்பது நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குச் சரியான அறிவுரை. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் மனநோயான அனோரெக்சியாவிலிருந்து மீண்டுவருபவருக்கு, குறைந்தது முதல் சில மாதங்களுக்கு, அது தவறான அறிவுரை. மாதக்கணக்கில் உணவைக் குறைத்துக்கொண்ட உடலில் பசியும் நிறைவும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. சிலருக்குப் பசியே எடுக்காது. நாலு வாய் உண்டதும் வயிறு வெடித்துவிடும்போல் இருக்கும். வேறு சிலருக்கு எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி வரும். முதல் மாதம் ஒன்றும் மூன்றாம் மாதம் மற்றதுமாக ஒரே ஆளுக்கு இரண்டும் வருவதுண்டு. இரண்டுமே பட்டினியின் விளைவுகள். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுதான்: கடிகாரம் சொல்லும் நேரத்தில் சாப்பிடுவது.

பசி ஏன் ஊமையாகிறது? இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன்தான் மூளைக்குப் பசியைச் சொல்லும் முக்கியத் தூதுகளில் ஒன்று. அனோரெக்சியா உள்ளவர்களின் ரத்தத்தில் இது பெரும்பாலும் குறைவாக இருப்பதில்லை, கூடுதலாகவே இருக்கிறது. கொழுப்புத் திசுவில் சுரந்து "சேமிப்பு போதும்" என்று சொல்லும் லெப்டின் வெகுவாகக் குறைந்திருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அகோரப் பசி எடுக்க வேண்டும். ஆனால் தூது வந்தும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. உடலுக்குள் நடப்பதை உணரும் இன்சுலா என்ற மூளைப்பகுதி இவர்களிடம் வேறுவிதமாக இயங்குவதை மூளைப் படப்பதிவு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உணவைக் கண்டதும் எழும் அச்சமும் பசியை அமுக்கிவிடுகிறது. "பசிச்சா கேட்பா" என்று வீட்டில் காத்திருப்பது இதனால்தான் பலிப்பதில்லை.

அடுத்தது வயிறு. திட உணவு இரைப்பையை விட்டு இறங்கச் சாதாரணமாக மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பட்டினி கிடந்த உடலில் இரைப்பைத் தசையின் இயக்கமே மந்தப்பட்டுவிடுவதால் இன்னும் தாமதமாகும். உப்புசம், குமட்டல், ஏப்பம், மலச்சிக்கல் எல்லாம் இதைத் தொடர்ந்து வருபவை. "எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று அவர் சொல்வது பொய்யல்ல. உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதற்காக உண்பதைக் குறைத்தால் மந்தம் நீடிக்கும். ஒழுங்காக உண்ண ஆரம்பித்த சில வாரங்களில், எடை முழுதாகத் திரும்பும் முன்பே, இரைப்பை வேகம் பிடிக்கத் தொடங்குகிறது. அதுவரை கொஞ்சமாக, அடிக்கடி, சத்துச் செறிவோடு கொடுப்பதே வழி. நெய், தேங்காய், நிலக்கடலை, பால், முட்டை போன்றவை சிறிய அளவிலேயே நிறையச் சக்தி தரும். தட்டு நிறையப் பச்சைக்காய், முளைகட்டிய பயறு, தவிடு, சாப்பாட்டுக்கு முன் இரண்டு டம்ளர் நீர்மோர் ஆகியவை இடத்தை அடைத்துக்கொள்ளும். மலச்சிக்கலுக்குக் கடையில் கிடைக்கும் பேதி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. அவை பொட்டாசியத்தைக் குறைக்கும். குறைந்த பொட்டாசியம் இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

உணவைக் கூட்டும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் உயரும். இன்சுலின் ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். உடலில் இவற்றின் இருப்பு ஏற்கெனவே வற்றிப்போயிருப்பதால் ரத்தத்தில் அளவு சரிந்து இதயம், மூச்சுத் தசைகள், நரம்புகள் பாதிக்கப்படும். இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். உணவு கூட்டத் தொடங்கிய முதல் வாரத்தில்தான் ஆபத்து அதிகம். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே உண்ணாதவர்கள், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்கள், ரத்தப் பரிசோதனையில் இந்த உப்புகள் முன்பே குறைந்திருப்பவர்கள் ஆகியோர் வீட்டில் தொடங்கவே கூடாது. மருத்துவமனையில் முதலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுத்து, உப்புகளை அடிக்கடி அளந்து, அதற்கேற்ப உணவைக் கூட்டுவார்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், குழப்பம், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழ் போவது, இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கான ஒழுங்கு எளிமையானது: நாளுக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலை 7.30, 10.30, மதியம் 1.00, மாலை 4.00, இரவு 7.30, படுக்கும் முன் 9.30 என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் இட்லியோ தோசையோ, சாம்பாரோடு தேங்காய்ச் சட்னியும் ஒரு டம்ளர் கொழுப்பெடுக்காத பாலும். பத்தரைக்கு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும். மதியம் சோறு, நெய்விட்ட பருப்பு, எண்ணெயில் வதக்கிய பொரியல், முட்டை அல்லது மீன், கெட்டித் தயிர். நாலு மணிக்குச் சுண்டல் அல்லது கடலைமிட்டாயுடன் பால் சேர்த்த டீ. இரவுக்கு வெண்பொங்கல் அல்லது சப்பாத்தி குருமா. படுக்கும் முன் பால், பேரீச்சம்பழம். இது ஒரு தொடக்க வடிவம்தான், உச்சவரம்பு அல்ல. அளவை உணவியல் நிபுணர் வாரந்தோறும் கூட்டுவார். முதல்நாள் இரவே மறுநாளுக்கு என்னென்ன என்று எழுதிவைத்துவிடுவது நல்லது. சாப்பிடும் நேரத்தில் "எது, எவ்வளவு" என்று முடிவெடுக்க நேர்ந்தால் நோய்தான் முடிவெடுக்கும்.

பால், தயிர் இரண்டிலும் பாஸ்பேட் இருப்பதால் இந்தப் பட்டியலில் அவை அடிக்கடி வருகின்றன.

முதல் வாரங்களில் எடை பார்க்கும் இயந்திரம் பலரை உடைத்துவிடுகிறது. உடல் சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் தீர்ந்துபோய், கல்லீரலிலும் தசையிலும் மறுபடி சேரும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்துவைக்கும். உயர்ந்த இன்சுலின் சிறுநீரகத்தில் சோடியத்தைத் தேக்குவதால் கணுக்காலும் முகமும் வீங்கலாம். சில நாளில் ஏறும் இந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர். வீக்கம் சில வாரங்களில் வடியும். ஆனாலும் கால்வீக்கத்தை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், அதைக் குறைக்க நீர்மாத்திரை தேடிப்போகக் கூடாது. எடை பார்ப்பதை வாரம் ஒருமுறை மருத்துவமனையில், எண்ணைப் பார்க்காதபடி திரும்பி நின்று செய்வதே பலருக்குத் தோதானது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். நன்றாகச் சாப்பிட்டும் எடை நின்றுவிடும். இரவில் வியர்த்துக் கொட்டும், உடம்பு கொதிக்கும். பட்டினியில் அடங்கிக் கிடந்த வளர்சிதைமாற்றம் விழித்து, உண்டதில் ஒரு பங்கை வெப்பமாகவே எரிக்கிறது. அப்போது திட்டம் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். உணவை இன்னும் கூட்ட வேண்டும் என்பதே அதன் பொருள்.

மீட்பில் இருப்பவர்களை மிகவும் பயமுறுத்துவது அந்த அடங்காப் பசிதான். ஒரு வேளைச் சாப்பாடு முடிந்து அரை மணியில் மறுபடி பசி. நாள் முழுக்க உணவைப் பற்றிய நினைப்பு. "கட்டுப்பாடே போய்விட்டது, இனி நிற்காது" என்று மனம் அலறும். இதைப் புரிந்துகொள்ள நமக்கு உதவும் மிகப் பெரிய சான்று 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் தொடங்கிய பட்டினி ஆய்வு. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், உடலும் மனமும் நலமாக இருந்தவர்கள், தாமாக முன்வந்தார்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளை உணவை நெடுநேரம் இழுத்து உண்டார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். அனோரெக்சியாவின் அடையாளங்களாக நாம் நினைக்கும் பல நடத்தைகள் வெறும் பட்டினியாலேயே வரக்கூடியவை என்பதை இந்த ஆய்வு காட்டியது. வேண்டிய அளவு உண்ண அனுமதி கிடைத்தபோது சிலர் வழக்கத்தைப் போல இருமடங்குக்கும் மேல் உண்டும் பசியோடு எழுந்தார்கள்.

அவர்களில் நீண்டகாலம் தொடரப்பட்ட 12 பேரின் தரவுகளை 1997-இல் அப்துல் டுல்லுவும் உடனாய்வாளர்களும் மறுபடி அலசினார்கள். கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும் அந்த மிகுபசி அடங்கவில்லை. தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசுவும் இழந்ததை மீட்டுக்கொள்ளும் வரை அது நீண்டது. அதாவது இந்தப் பசிக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு முடிவும் இருக்கிறது. முதலில் வயிற்றுப்பகுதியில் சேரும் கொழுப்பும் எடை நிலைபெற்றபின் மாதக்கணக்கில் மெல்லப் பரவிச் சீராகிறது.

அந்தப் பசி வரும் நாளில் செய்ய வேண்டியது: அட்டவணையில் உள்ளதை உண்பது, பசித்தால் அதற்கு மேலும் உண்பது, அடுத்த வேளையை எக்காரணம் கொண்டும் தவிர்க்காமல் இருப்பது. முந்தைய இரவு அதிகம் உண்டதற்கு ஈடாகக் காலை உணவை விட்டால் மாலைக்குள் பசி இரட்டிப்பாகும், சுழல் அங்கேதான் பிறக்கிறது. வாந்தி எடுக்கும் பழக்கமோ, ஈடுகட்ட ஓடும் பழக்கமோ சேர்ந்திருந்தால் அதைச் சிகிச்சைக் குழுவிடம் மறைக்கக் கூடாது.

சாப்பாட்டு மேசையில் வீட்டார் என்ன செய்யலாம்? லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பச் சிகிச்சை முறையில், வளரிளம் பருவத்தினருக்கு என்ன, எவ்வளவு என்பதைச் சிறிது காலம் பெற்றோரே முடிவு செய்கிறார்கள். உணவுக்கு அரை மணி, சிற்றுணவுக்குக் கால் மணி என்று நேரம் வைத்துக்கொள்ளலாம். பேரம், மிரட்டல், அழுகை எதுவும் உதவாது. "தட்டுல இருக்கிறதச் சாப்பிடும்மா, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்ற ஒரே வரியை அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்வது உதவும். சாப்பிட்டபின் பதற்றம் ஏறித்தான் தணியும். அந்த ஒரு மணி நேரம் தாயம் ஆடலாம், படம் பார்க்கலாம், தனியே விட வேண்டாம். உறவினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "இப்பதான் பூசினாப்புல இருக்கே" என்று பாசத்தோடு சொன்னாலும் அது அவர் காதில் வேறாக விழும். சஷ்டி, ஏகாதசி, அமாவாசை விரதங்கள் வேண்டாம். ரமலான் நோன்பிலிருந்தும் நோயாளிக்கு விலக்கு உண்டு. ஒரே ஒரு வேளை விடுபட்டதில் கிடைக்கும் நிம்மதியே நோயைத் திரும்ப அழைத்துவிடக்கூடும். பேச ஆள் வேண்டுமென்றால் இந்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

உண்மையான பசி திரும்பும்போது பெரும்பாலும் வயிற்று உறுமலாக முதலில் வருவதில்லை. எரிச்சல், கவனம் சிதறுவது, தலைவலி, கைகால் சில்லிடுவது, மீண்டும் மீண்டும் சோற்று நினைப்பு என்றே வரும். ஒவ்வொரு வேளைக்கும் முன் பசியைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிட்டுக் குறித்துவாருங்கள். ஆனால் பூஜ்யம் என்றாலும் சாப்பிட வேண்டும். எடை மீண்டு, மாதவிடாய் திரும்பி, நிலைமை சில மாதம் நின்றபின், மாலைச் சிற்றுணவு ஒன்றை மட்டும் பசியின் பொறுப்பில் விட்டுப் பார்க்கலாம். நேரம் கடந்தும் பசி வராமல் இரண்டு நாள் தொடர்ந்து அது விடுபட்டால் மறுபடி கடிகாரத்துக்கே போக வேண்டும். காய்ச்சல், தேர்வு, நீண்ட பயணம், வீட்டில் துக்கம் ஆகிய காலங்களில் பசி எல்லோருக்குமே குறையும். குணமான பிறகும் அந்த நாட்களில் ஆறு நேர அட்டவணையையே பின்பற்றுங்கள். பையில் இரண்டு கடலை உருண்டையும் ஒரு வாழைப்பழமும் எப்போதும் இருக்கட்டும்.